மாடியில் வந்து உட்கார்ந்தது பருந்தா, வல்லூறா... இல்லை குயிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, மணிமங்கலம் வீட்டு மாடியில் காபியோடு நிற்கிறீர்கள். திடீரென மைனாக்கள் கத்துகின்றன. எதிர்வீட்டு வேப்ப மரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பறவை. 'பருந்துப்பா' என்று சொல்லிவிடுவோம். ஆனால் ஏரியும் வயலும் இருக்கும் இந்தப் பக்கம், அந்த ஒரே பெயரில் ஐந்து பறவைகளைக் குழப்பிக்கொள்கிறோம். அதில் ஒன்று குயில்!

வானத்தில் வட்டமடித்தால்... வாலைப் பாருங்க

* கரும்பருந்து: உடல் முழுக்க பழுப்பு. வால் நுனி நடுவில் உள்வாங்கி, மீன் வால் மாதிரி இருக்கும். குப்பைமேடு, இறைச்சிக்கடைப் பக்கம் அதிகம்.
* செம்பருந்து: கருடன் என்று கும்பிடுவது இதைத்தான். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடல். இளம் பறவை மட்டும் பழுப்பாக இருப்பதால் குழப்பும். வால் நுனி வட்டமாக இருந்தால் செம்பருந்துதான்.
* கருந்தோள் பருந்து: வெள்ளையும் சாம்பலும் கலந்த உடல், தோளில் கறுப்பு, சிவந்த கண். வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று எலியைத் தேடும்.

மரக்கிளையில் இருந்தால்... அலகைப் பாருங்க

* வல்லூறு: புறா அளவுதான். கொக்கி அலகு, நீளமான மஞ்சள் கால், மார்பில் மெல்லிய செந்நிறக் கோடுகள். ஓணான், எலி, சின்னப் பறவைகள் இதன் உணவு.
* அக்காக்குயில்: நிறம், பறக்கும் விதம் எல்லாம் வல்லூறு மாதிரியே. ஆனால் அலகில் கொக்கி இல்லை, கால் குட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். கம்பளிப்பூச்சிகளை விரும்பிச் சாப்பிடும். தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும் பறவை இது.

சரி, தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

கோழிக்குஞ்சு காணாமல் போனால், கண்ணில் படும் எல்லாவற்றின் மீதும் கல் எறிகிறோம். கரும்பருந்தோ வல்லூறோ குஞ்சைத் தூக்கலாம். ஆனால் அடி வாங்குவது, வயல் எலியைக் குறைக்கும் கருந்தோள் பருந்தாகவோ, புழு தின்னும் குயிலாகவோ இருக்கலாம். குஞ்சுகளுக்கு மேலே வலை கட்டினால் பிரச்சினை முடிந்தது. எலி மருந்து வைப்பதிலும் கவனம் தேவை. மருந்து தின்ற எலியைப் பிடித்தால் பறவையும் சாகலாம்.

இவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடுத்த முறை மைனா கத்தினால், கல்லை எடுக்காதீங்க... போன் கேமராவை ஜூம் பண்ணிப் பாருங்க!