லீவு நாளில் கூடி பிழை திருத்தும் தன்னார்வலர்கள்.. 'பக் ஸ்குவாஷிங் பார்ட்டி' என்றால் என்ன? செக்கிங் டேபிள் கணக்கில் ஒரு விளக்கம்!

திருப்பூர் நல்லூர் பக்கம் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் ஷிப்மென்ட்டுக்கு முந்தைய நாள் போனால், செக்கிங் டேபிள்தான் முதலில் கண்ணில் படும். ஒவ்வொரு பீஸாக விரித்துப் பார்ப்பார்கள். தையல் விட்ட இடம், ஆயில் கறை, சின்ன ஓட்டை என எது தெரிந்தாலும் அங்கே ஒரு ஸ்டிக்கர். அந்த பீஸ் ஆல்டருக்குப் போய், டெய்லர் சரி செய்து, மறுபடியும் செக்கிங்குக்கு வரும்.

கிட்டத்தட்ட இதே வேலை மென்பொருள் உலகிலும் நடக்கிறது. ஆனால் இங்கே பலருக்கு சம்பளம் கிடையாது, ஒன்றரை ஷிப்ட் கணக்கும் கிடையாது. சனி, ஞாயிறு லீவில் சொந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடி, யாரோ எழுதிய மென்பொருளில் இருக்கும் பிழைகளை உட்கார்ந்து சரி செய்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்குப் பெயர்தான் 'பக் ஸ்குவாஷிங் பார்ட்டி'. 'பக்' என்றால் பூச்சி. மென்பொருள் பிழைக்கும் அதே பெயர். பூச்சி நசுக்கும் பார்ட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, யாரோ எங்கேயோ செய்யும் இந்த வேலை நமக்கு எதுக்கு?

இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா?

தமிழ்நாடு அரசு 2011-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, ஆரம்பத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. வாங்கிய கையோடு கடையில் கொடுத்து அதை அழித்தவர்களும் உண்டு! அந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதன் அடிப்படை 'டெபியன்'.

டெபியன் எந்த கம்பெனிக்கும் சொந்தமில்லை. 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய திட்டம் அது. இன்றும் உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள்தான் அதை நடத்துகிறார்கள். இணையதளங்களைத் தாங்கும் சர்வர்களில் ஏராளமானவை டெபியனிலோ, அதிலிருந்து உருவான உபுண்டுவிலோ ஓடுகின்றன. இந்தச் செய்தியை ஆண்ட்ராய்டு போனில் படிப்பவர் என்றால், அந்த போனின் அடித்தளமும் லினக்ஸ்தான். இப்படி யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து, மாற்றிப் பயன்படுத்தக்கூடிய மென்பொருளைத்தான் 'ஓப்பன் சோர்ஸ்' என்கிறார்கள்.

பார்ட்டியில் என்னதான் நடக்கும்?

டெபியனில் யார் புகார் கொடுத்தாலும் அதற்கு ஒரு நம்பர் விழும். அந்த வரிசை 2021-லேயே 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் எல்லாப் பிழையும் ஒன்றல்ல. மெனுவில் எழுத்துப்பிழை இருந்தால் பிசிறு மாதிரி, பிறகு வெட்டிக்கொள்ளலாம். ஃபைல் அழிந்துபோவது, பாதுகாப்பில் ஓட்டை விழுவது போன்றவை வேறு ரகம். இந்த ரகத்தை 'ரிலீஸ் கிரிட்டிக்கல்' என்று தனியாகப் பிரித்து வைப்பார்கள். அவை குறையாமல் புதிய பதிப்பு வெளியே போகாது.

பதிப்பு வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பு 'ஃப்ரீஸ்' அறிவிப்பார்கள். அதன்பின் புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது, இருப்பதைச் சரி மட்டும் செய்யலாம். பார்ட்டிகள் சூடுபிடிப்பது இந்த நேரத்தில்தான். ஒரு கல்லூரி அறையோ, அலுவலகமோ போதும். பட்டியலில் இருந்து ஆளுக்கு ஒரு பிழையை எடுத்துக்கொள்வார்கள். முதல் வேலை, அந்தப் பிழையைத் தன் லேப்டாப்பிலும் வரவைத்துப் பார்ப்பது. பாதி நேரம் இதிலேயே போய்விடும். சில நேரம் பிழை எப்போதோ சரியாகியிருக்கும், யாரும் மூடாமல் விட்டிருப்பார்கள்.

பிழை உண்மையிலேயே இருந்தால் திருத்தம் எழுதி அனுப்ப வேண்டும். அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. அந்த மென்பொருளுக்கு ஏற்கெனவே ஒரு பொறுப்பாளர் இருப்பார். அடுத்தவர் மெஷினில் சொல்லாமல் உட்கார முடியாது இல்லையா? அதனால் வெளியாள் செய்த திருத்தத்தை வழக்கமாக சில நாள் காத்திருப்பில் வைப்பார்கள். பொறுப்பாளருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதற்குள் நிறுத்திவிடலாம்.

அரை நொடி தாமதத்தில் சிக்கிய சதி

இப்படி ஆள் சேர்ந்து பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மார்ச் மாத சம்பவம் ஒன்றே போதும்.

'எக்ஸ்இசட் யூட்டில்ஸ்' என்பது ஃபைல்களைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள். பல லினக்ஸ் கணினிகளில் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர் கிட்டத்தட்ட ஒரே ஒருவர், அதுவும் சம்பளமில்லாமல். அவர் சோர்ந்துபோயிருந்த நேரத்தில், 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்லபடியாக வேலை செய்து நம்பிக்கையைப் பிடித்தார். கடைசியில் 2024 தொடக்கத்தில், சர்வர்களுக்குள் ரகசியமாக நுழையும் கள்ளக்கதவு ஒன்றை அந்த மென்பொருளுக்குள் ஒளித்து வைத்தார்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர். டெபியனின் சோதனைப் பதிப்பில் வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். 'அரை நொடிதானே' என்று விடாமல் தோண்டிப் பார்த்தார். மார்ச் 29-ம் தேதி விஷயத்தை உலகுக்கு அறிவித்தார். பொதுமக்கள் பயன்படுத்தும் டெபியன் நிலைப் பதிப்புக்குள் அந்தக் கோடு அதற்குள் போயிருக்கவில்லை. சோதனைப் பதிப்போடு நின்றது. ஃபைனல் செக்கிங்கில் பிடிபட்ட பீஸ் என்றே சொல்லலாம்!

டி-ஷர்ட்டுக்காக வந்த கூட்டம்

அப்படியென்றால் ஆள் அதிகம் சேர்ந்தால் நல்லதுதானே? அங்கேதான் ஒரு சிக்கல்.

'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்ற நிகழ்வை டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் நடத்தி வருகிறது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களுக்கு 4 திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். 2020-ல் என்ன நடந்தது தெரியுமா? விளக்கக் குறிப்பில் ஒரு வார்த்தையை மட்டும் சேர்த்துவிட்டு அதையே 'திருத்தம்' என்று ஆயிரக்கணக்கானோர் அனுப்பினார்கள். 'சுலபமாக டி-ஷர்ட் வாங்கலாம்' என்று சொல்லிக்கொடுத்த ஒரு இந்திய யூடியூப் வீடியோவும் இதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. குப்பையைத் தள்ளியே பொறுப்பாளர்கள் ஓய்ந்துபோக, சம்மதம் சொன்ன திட்டங்களுக்கு மட்டுமே திருத்தம் அனுப்பலாம் என்று விதி மாறியது. டி-ஷர்ட் தைத்து உலகத்துக்கே அனுப்பும் திருப்பூர்க்காரர்களுக்கு, ஒரு டி-ஷர்ட்டுக்காக இவ்வளவா என்று தோன்றலாம்!

பக் ஸ்குவாஷிங் பார்ட்டியில் அப்படி பரிசெல்லாம் இல்லை. தூரத்தில் இருந்து வருபவர்களுக்கு பயண, தங்கும் செலவில் 100 டாலர் வரை டெபியன் திருப்பித் தருவதுண்டு. அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் எங்கே?

சென்னையில் 1998-ல் தொடங்கிய லினக்ஸ் பயனர் குழு, இரண்டாம் சனிக்கிழமை தோறும் சந்திப்பதை வழக்கமாக வைத்திருந்தது. காஞ்சி லினக்ஸ் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் தமிழிலேயே பேசுகிறது. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு முதல்முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு வந்தது. இவையெல்லாம் பிழை திருத்துவதற்கு மட்டுமே கூடிய கூட்டங்கள் அல்ல. ஆனால் புதிதாக வருபவர்கள் பழகும் இடம் இதுதான்.

கோடிங் தெரியாதவர்களுக்கும் வேலை உண்டு. டெய்லருக்குத் தைக்கத் தெரிந்தால் போதாது, எங்கே ஓட்டை என்று ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டுமே! குறிப்பாக தமிழ்ப் பிழைகள். பிடிஎஃப்-ல் இருந்து காப்பி செய்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறுவது, மெனுவில் அபத்தமான மொழிபெயர்ப்பு வருவது என இதெல்லாம் தமிழ் படிப்பவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஜெர்மனியில் இருக்கும் டெவலப்பருக்கு அது சரியாக இருப்பதாகத்தான் தோன்றும்.

'வேலை செய்யல' என்று மட்டும் எழுதினால் யாரும் சீண்ட மாட்டார்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். இவ்வளவும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டெபியன் 13, 2025 ஆகஸ்ட் 9-ல் வெளியானது. அதன் பெயர் 'ட்ரிக்ஸி'. பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்து கதாபாத்திரங்களின் பெயரைத்தான் வைப்பார்கள். அடுத்த பதிப்புக்கு, குப்பையில் இருந்து எடுத்த 'ஸ்போர்க்'கில் (ஸ்பூனும் ஃபோர்க்கும் சேர்ந்தது) செய்த பொம்மையான 'ஃபோர்க்கி' பெயர். எப்போது வரும் என்று கேட்டால் வழக்கமாகச் சொல்லும் பதில்தான்: ரெடியானதும் வரும்.