கெராங் தட்டும் டயாலிசிஸ் பையும்

மாணவர்களே, பாசிர் பெனம்பாங் கடல் உணவுக் கடைகளில் கெராங் சாப்பிட்டிருப்பீர்கள். கொதிநீரில் ஒருமுறை முக்கி, சிவப்புச் சாறு வற்றாமல் எடுத்தால்தான் ருசி என்பார்கள். (எனக்கும் அப்படித்தான் பிடித்தது, இப்போது விட்டுவிட்டேன்.) அந்தத் தட்டு, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாத்தாவின் முன்னால் வந்தால்?

சிறுநீரகம் செயலிழந்தவர்களில் சிலர் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போவதில்லை. வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்ற மெல்லிய சவ்வே அவர்களுக்கு வடிகட்டி. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகச் சுமார் 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியேற்றுவார்கள். பலர் இதை நாளுக்கு 4 முறை செய்கிறார்கள். இரத்தத்திலுள்ள கழிவுகள் சவ்வைக் கடந்து திரவத்தில் சேரும். திரவத்திலுள்ள குளுக்கோஸ், உடலில் மிகுந்துள்ள நீரை இழுத்துக்கொள்ளும். ஒஸ்மோசிஸ் என்று வகுப்பில் படித்தீர்களே, அதேதான்.

அந்த வெதுவெதுப்பும் சர்க்கரையும் பாக்டீரியாவுக்கும் வசதி. ஒவ்வொரு முறை திரவத்தை வெளியேற்றும்போதும் காவல் காக்கும் வெள்ளையணுக்களும் கூடவே போய்விடுகின்றன. தோலிலுள்ள பாக்டீரியா குழாய் வழியே நுழைவதுதான் அடிக்கடி நடப்பது. ஆனால் சில வேளைகளில், உணவோடு குடலுக்குள் போன பாக்டீரியா குடற்சுவரைத் தாண்டி வந்துவிடும்.

கெராங், கடல்நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரிலுள்ள விப்ரியோ பாக்டீரியாவும் அதனுள் சேர்ந்துவிடும். 1950-இல் ஜப்பானின் ஒசாகா வட்டாரத்தில் சிறுமீன் உண்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தார்கள். அப்போது புஜினோ என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தது இந்த இனத்தில் ஒன்றைத்தான். நன்றாக வேகவைத்தால் விப்ரியோ செத்துவிடும். பச்சைக் கெராங்கைக் கழுவிய கையோடு டயாலிசிஸ் பையை மாற்றுவதும் ஆபத்து.

லிஸ்தீரியா இன்னும் பொல்லாதது. மற்ற பல பாக்டீரியாக்கள் முடங்கிப்போகும் 4 பாகை செல்சியஸ் குளிரிலும் அது மெதுவாகப் பெருகும். காய்ச்சாத பசும்பாலில் அது இருக்கக்கூடும். ஆகவே, "ஐஸ்பெட்டியில்தானே இருந்தது" என்ற பாட்டியின் சமாதானம் இதனிடம் செல்லாது. மிச்ச உணவை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்ச வேண்டும்.

வெளிவரும் திரவம் தெளிவாக இருப்பதே இயல்பு. அது கலங்கியிருந்தாலோ வயிறு வலித்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; அந்தப் பையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இத்தொற்றுக்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் லிஸ்தீரியாவிடம் பலிக்காது. அதற்கு அம்பிசிலின் தேவைப்படும். எந்தப் பாக்டீரியா என்று ஆய்வுக்கூடம் அந்தத் திரவத்தில்தான் தேடும். தாத்தா கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்டால், கெராங்கை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.