சங்கிலிக் கூடைக்குள் ஒரு தட்டு

டிஸ்க் கோல்ஃப் என்பது பறக்கும் தட்டைக் கையால் எறிந்து, முடிந்தவரை குறைந்த எறிகளில் கூடைக்குள் சேர்க்கும் விளையாட்டு. கோல்ஃபில் குழி இருக்கும் இடத்தில் இங்கே கம்பத்தில் பொருத்திய கம்பிக் கூடை. அதற்கு மேலே ஒரு வளையத்திலிருந்து சங்கிலிகள் தொங்கும். விரைந்து வரும் தட்டு சங்கிலியில் ‘சலங்’ என்று மோதி, வேகம் அடங்கி, கூடையில் விழும். தவறினால், தட்டு கிடக்கும் இடத்திலிருந்தே அடுத்த எறி. ஒரு மைதானத்தில் பெரும்பாலும் 9 அல்லது 18 கூடைகள் இருக்கும்.

முதலில் மரமும் கம்பமும்தான் இலக்கு. தட்டு பட்டதா இல்லையா என்று சச்சரவு எழும். அதைத் தீர்த்தது அமெரிக்கரான எட் ஹெட்ரிக்கின் சங்கிலிக் கூடை. 1977-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-ல் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தவரும் அவரே. 2002-ல் மறைந்த அவருடைய அஸ்தி, அவர் விரும்பியபடியே, சில தட்டுகளில் கலந்து வார்க்கப்பட்டது.

தட்டின் அகலம் ஏறக்குறைய ஒரு சாண். மணிக்கட்டைச் சுண்டுவதால் வரும் சுழற்சிதான் அதைச் சாயாமல் காக்கிறது. வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே இழுத்து எறியும் தட்டு, வேகம் குறையும்போது இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். எதிர்காற்றில் அது மேலெழும்பி வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். பின்காற்றில் சீக்கிரமே இறங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் காற்று வீசும் கோவையில் இதைக் கணிப்பதே பாதி ஆட்டம். ஆர்.எஸ்.புரத்து மொட்டைமாடிகளில் துணி உலர்த்துபவர்களுக்கு அந்தக் காற்றின் குணம் நன்றாகத் தெரியும்.

இந்த ஆட்டம் வயதைத் தடையாக்குவதில்லை. ஓட வேண்டியதில்லை, யார் மீதும் மோத வேண்டியதில்லை, நடந்தால் போதும். ஒரே கூடைக்கு அருகிலும் தொலைவிலும் இரண்டு எறிமேடைகள் அமைத்தால், மூன்றாம் வகுப்புப் பேத்தியும் கல்லூரி மாணவரும் தாத்தாவும் ஒரே குழுவில் ஆடலாம். கூடையிலிருந்து தொலைவில் நிற்பவர்தான் முதலில் எறிவார். ஆகவே குழுவே மெதுவாக எறிபவரோடு சேர்ந்துதான் நகரும். முந்திப் போய்க் காத்திருக்கும் வழக்கமே இல்லை. எறிகளுக்கு இடையே பேசிக்கொண்டே நடப்பதில்தான் பழக்கம் வளர்கிறது. போட்டிகளிலும் 10 வயதுக்கு உட்பட்டோர் முதல் 70 வயதைக் கடந்தோர் வரை தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

பொதுவாக நடுவரும் கிடையாது. தன் எறிகளைத் தானே எண்ணிச் சொல்ல, குழு குறித்துக்கொள்ளும். சென்னை எலியட்ஸ் கடற்கரையில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பீ என்ற தட்டு விளையாட்டிலும் இதே நம்பிக்கைதான். பள்ளியில் டென்னிகாய்ட் வளையம் வீசிப் பழகிய கைக்கு இந்தத் தட்டு சீக்கிரம் வசப்படும்.

தொடங்குவதற்கு ஆளுக்கொரு தட்டும், எடுத்துச் செல்லக்கூடிய இரண்டு மூன்று கூடைகளும் போதும். மரம் உள்ள இடமே மேல். மரத்தைச் சுற்றித் தட்டை வளைத்து அனுப்புவதில்தான் ருசி. நடைபாதைக்குக் குறுக்கே மட்டும் எறிவழி அமையக் கூடாது. 170 கிராம் தட்டு முகத்தில் பட்டால் பலத்த காயம் உண்டாகும். எதிரே ஆள் தென்பட்டால், அவர் கடக்கும்வரை தட்டு கையிலேயே இருக்க வேண்டும்.