உஷார்! தைராய்டு புற்றுநோய் போய்விட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்

கட்டியை எடுத்தாச்சு, அயோடின் மருந்தும் குடித்தாச்சு, இனி பயமில்லை. இப்படி நினைத்து நிம்மதியாக இருக்கிறீர்களா? கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு முதலில் இதைப் படியுங்கள்.

இந்தப் புற்றுநோய் திரும்பி வரலாம். பத்து வருஷம் கழித்தும் வரலாம்!

சித்தூர் பக்கம் ஒரு அம்மா. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வருஷம் ஒழுங்காக செக்கப்புக்குப் போனார். அப்புறம் மகள் கல்யாணம், கடன், அலைச்சல்; விட்டுப்போயிற்று. தைராய்டு மாத்திரையை மட்டும் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். திருமலையில் முடி காணிக்கை கொடுத்துத் தலையில் சந்தனம் பூசியபோது, கழுத்தில் வழிந்ததைத் துடைத்தார். காதுக்குக் கீழே விரலில் ஏதோ தட்டியது. கொண்டைக்கடலை அளவு. வலியே இல்லை. வலிக்காததற்கு எதற்கு டாக்டர் என்று இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போட்டார். போனபோது நுரையீரலிலும் பொட்டுப் பொட்டாகப் பரவியிருந்தது. மறுபடி கொடுத்த அயோடின் அங்கே ஏறவேயில்லை.

காரணம், கட்டிக்குள் இருந்த மரபணு மாற்றம். பாப்பிலரி வகைக் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் 'பிராஃப் வி600இ' மாற்றம் இருக்கும். அது இருந்தால் புற்றுசெல் அயோடினை இழுக்கும் சக்தியை இழந்துவிடக்கூடும். அது மட்டும் இருந்தால் பதறாதீர்கள். அப்படிப்பட்ட பலர் நன்றாகவே இருக்கிறார்கள். 'டெர்ட்' மாற்றமும் கூடச் சேர்ந்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2014இல் வெளிவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் 507 நோயாளிகளைப் பார்த்தார்கள். இரண்டும் இருந்த 35 பேரில் 24 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. இரண்டும் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான்.

அந்த அம்மாவின் கட்டியில் இரண்டும் இருந்தன. முன்பே தெரிந்திருந்தால் செக்கப்பை விட்டிருப்பாரா?

பழைய கட்டியின் துண்டை மெழுகில் பதித்து, 'பிளாக்' என்று லேபில் வைத்திருப்பார்கள். பல சமயம் அதிலேயே மரபணு சோதனை செய்துவிடலாம். எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் எனக்கு வேண்டுமா என்று கேட்பது உங்கள் உரிமை. திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையில் எண்டோகிரைனாலஜி, நியூக்ளியர் மெடிசின் இரண்டு பிரிவுகளும் உண்டு. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சிஎம்சி பக்கம்தானே! பீரோவில் கிடக்கும் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

கழுத்தில் புதுக் கட்டி, வாரக்கணக்கில் குரல் கம்மல், விழுங்கும்போது அடைப்பு, விடாத இருமல், எலும்பில் ஓயாத வலி. இதில் ஒன்று தென்பட்டாலும் நாள் கடத்தாதீர்கள்! எதுவுமே தெரியாவிட்டாலும் டாக்டர் சொன்ன தேதியில் தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும் எடுத்தே ஆகவேண்டும். தைரோகுளோபுலின் அளவு ஏறிக்கொண்டே போனால் அதுதான் அபாய மணி. இன்னொன்று, முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? அது ரிசல்ட்டையே தப்பாகக் காட்டிவிடக்கூடும். ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் 'மெடுல்லரி' என்று இருக்கிறதா? அப்படியானால் இன்னும் உஷார்! பிராஃப், டெர்ட் மாற்றங்கள் கட்டியோடு நிற்பவை, பிள்ளைகளுக்குப் போகாது. மெடுல்லரி வகையில் சிலருக்கு இருக்கும் 'ரெட்' மாற்றமோ பரம்பரையாக இறங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. இந்த வகை வந்தவர் முதலில் தனக்கு ரத்தத்தில் ரெட் சோதனை செய்துகொள்ள வேண்டும். இருந்தால் பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் செய்தாக வேண்டும். பிள்ளைக்கு இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், புற்று வருவதற்குள் தைராய்டை எடுத்துக் காப்பாற்ற வழியிருக்கிறது.