குறிச்சொல் போட்டால் கூட்டம் வருமா?

மதுரை செல்லூரில் ஒருவர் தன் தெருத் தறிகளைப் பற்றி இணையத்தில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகவே எழுதுகிறார். ஆனால் அவர் பெயரைத் தட்டித் தேடுவதற்கு முதலில் அவரைத் தெரிந்திருக்க வேண்டுமே! தெரியாதவரை யார் தேடுவார்கள்? இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் குறிச்சொல்.

ஒரு சொல்லுக்கு முன்னால் # போட்டால் அது குறிச்சொல். ஹேஷ்டேக் என்றும் சொல்கிறோம். அதைத் தொட்டால், அதே சொல்லைப் போட்ட மற்றவர்களின் பதிவுகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ட்விட்டரில் இப்படிச் செய்யலாமே என்று 2007 ஆகஸ்டில் யோசனை சொன்னவர் கிறிஸ் மெசினா. பொருளைத் தேடி வருகிறவர், அதை எழுதிய ஆளையும் பார்த்துவிடுகிறார். பயன் அதுதான்.

மதுரைக்காரர்களுக்கு மல்லியை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ வாங்குகிறவர், எந்த விவசாயியின் தோட்டத்துப் பூ என்று கேட்பதில்லை. ‘மதுரை மல்லி’ என்ற ஒரே பெயர் அத்தனை பேரின் பூவையும் விற்றுக் கொடுக்கிறது. அந்தப் பெயருக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டம் காவல் நிற்கிறது. குறிச்சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை. யாரும் போடலாம், எதற்கும் போடலாம். அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் போடுகிறவர்கள்தான்.

தமிழ் வலைப்பதிவர்களுக்கு இந்தக் கூட்டு முயற்சி புதிதல்ல. 2004-ல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டியில், நேற்று எழுத வந்தவரின் இடுகையும் பல காலம் எழுதியவரின் இடுகையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வந்தன. ‘வலைச்சரம்’ இன்னும் ஒரு படி மேலே போனது. வாரம் ஒரு பதிவர் ஆசிரியராகப் பொறுப்பேற்று, தான் படித்த மற்ற பதிவர்களை அறிமுகம் செய்வார். அதை நடத்தியவர்களில் மதுரைக்காரர்களும் உண்டு. 2009-ல் ட்விட்டரில் பரவிய ‘ஃபாலோ ஃபிரைடே’ பழக்கமும் இதே வகை: வெள்ளிக்கிழமைதோறும், பின்தொடரத் தகுந்தவர்களின் பெயரை அந்தக் குறிச்சொல்லோடு சொல்வார்கள். இவை மூன்றில் பின்னிரண்டைக் கவனியுங்கள். ஒருவரை இன்னொருவர் படித்துவிட்டுக் கைகாட்டியதால்தான் புதியவர்கள் வெளியே தெரிந்தார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

சொல்லை அளந்து எடுங்கள். #மதுரை என்று மட்டும் போட்டால் கோயில் படங்களும் சினிமா விளம்பரங்களும் கொட்டுகிற வெள்ளத்தில் உங்கள் பதிவு காணாமல் போகும். #செல்லூர்த்தறி என்றால் கண்ணில் படும். ஆனால் அதை முன்பே தெரிந்தவர்தான் தேடுவார். ஆகவே அகலமான சொல் ஒன்று, குறுகிய சொல் ஒன்று என இரண்டையும் போடுங்கள்.

எழுத்தில் ஒற்றுமை வேண்டும். இடையில் இடம் விட்டால் குறிச்சொல் அங்கேயே அறுந்துவிடும். ‘#செல்லூர் தறி’ என்று எழுதினால் ‘செல்லூர்’ மட்டுமே குறிச்சொல்; தறி வெளியே நிற்கும். ஒருவர் ‘த்’ போட்டும் இன்னொருவர் போடாமலும் எழுதினால் பதிவுகள் இரண்டு குவியலாகப் பிரிந்துவிடும். எழுதத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

கிழமை குறியுங்கள். ஐந்தாறு பேர் வாரத்தில் ஒரே நாளில் எழுதினால், தொட்டுப் பார்க்க வருகிறவருக்கு அன்றைக்குப் படிக்க ஏதாவது இருக்கும். ஒரே பதிவு மட்டும் கிடந்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

சம்பந்தமில்லாத பரபரப்புச் சொற்களை ஒட்டாதீர்கள். ஏமாந்து வந்தவர் வாசகராகத் தங்க மாட்டார்.

முக்கியமானது, மற்றவர்களைப் படியுங்கள். உங்கள் பதிவைப் போட்ட கையோடு, அதே குறிச்சொல்லில் இன்னும் இரண்டு பேரைப் படித்து, பிடித்திருந்தால் நான்கு பேருக்குச் சொல்லுங்கள். எல்லோரும் போட்டுவிட்டு மட்டும் போனால் அது வாங்க ஆளில்லாத சந்தை.

முதலில் உங்கள் பகுதியில் எழுதுகிற நான்கு பேரைத் தேடிப் பிடியுங்கள். குறிச்சொல்லை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம்.