அரிசிச் சிப்பத்தில் கூடிய ஒரு கிலோ

குத்தாலம் போன்ற காவிரிப் படுகை ஊர்களில் மாதச் சமையலுக்கு 25 கிலோ சிப்பமாக அரிசி வாங்குவது வழக்கம். 2022 ஜூலைக்குப் பிறகு தமிழகக் கடைகளுக்கு 26 கிலோ சிப்பமும் வந்தது. அந்தக் கூடுதல் கிலோவுக்குக் காரணம் வரி.

வரி எப்படி விலகியது?

முன்பு பிராண்டு அரிசிக்கு மட்டுமே 5 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் இட்ட அரிசி எல்லாவற்றுக்கும் அது விரிந்தது. எது அப்படிப்பட்ட பொட்டலம் என்பதைத் தீர்மானிக்க, சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 அளவுகோலாயின. அவை வகுத்த எல்லை 25 கிலோ. 26 கிலோ சிப்பம் அதைத் தாண்டியதால் வரிக்கு வெளியே போனது. பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துத் தரும் அரிசிக்கும் இந்த வரி இல்லை.

வாங்குபவர் இழப்பது என்ன?

அந்த எல்லைக்குள் இருக்கும் பொட்டலத்தில் பொருளின் பெயர், தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், வரி உள்பட அதிகபட்ச விற்பனை விலை, ஒரு கிலோவின் விலை, புகார் தெரிவிக்கும் எண் ஆகியவை கட்டாயம். எல்லை தாண்டினால் இந்த விதிகளின் பிடி தளர்ந்துவிடுகிறது. வரியில் சில பத்து ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் விலையை ஒப்பிடவும் கேள்வி கேட்கவும் கையில் இருந்த எழுத்துச் சான்று போய்விடுகிறது. இந்த ஓட்டையை அடைக்கத்தான், சில்லறையில் விற்கும் எல்லாப் பொட்டலங்களுக்கும் விதிகளை விரிக்கும் யோசனையை 2024 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை முன்வைத்தது.

என்ன பார்க்க வேண்டும்?

மூட்டை விலையை மட்டும் பார்க்காதீர்கள். 25 கிலோ 1,500 ரூபாய் என்றால் கிலோ 60 ரூபாய். 26 கிலோ 1,586 ரூபாய் என்றால் கிலோ 61 ரூபாய். வரி இல்லாத மூட்டை மலிவாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த எடையளவு விதிகளிலிருந்து தனி. அதன்படி பையில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். எடையில் சந்தேகம் வந்தால் கடையிலேயே நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடை தொடர்பான புகாரைத் தமிழகத் தொழிலாளர் துறையிடமும் தரலாம்.

லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் விதிக்குப் போதும். கூடவே தமிழிலும் அச்சிட எந்தத் தடையும் இல்லை. நெல் விளையும் மண்ணில் அரிசி விற்பவர்கள், எடை எத்தனை கிலோவானாலும் எல்லா விவரங்களையும் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.