உள்ளூர் விடுமுறை – 11: மத்தியானத்தை விட்டுவிடுங்கள்

புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். மதுரையில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். பகல் பதினோரு மணிக்குத் தார்ச்சாலை கண்ணைக் கூச வைக்கும். சாயங்காலம் யானைமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து ஒரு பாட்டம் கொட்டித் தீர்க்கும். காலாண்டு விடுமுறைக்குச் சொந்தக்காரர்களை வரச்சொல்லிவிட்டு ஊரைச் சுற்றிக்காட்டத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வானத்தைத்தான். ஊர்ப் படத்தை அப்புறம் விரிக்கலாம்.

சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் வந்து இறங்கும்போதே மதினியின் செல்போனில் பட்டியல் இருந்தது. மகால், தெப்பக்குளம், கீழடி, திருப்பரங்குன்றம், அழகர்கோயில், புது நூலகம், ஜிகர்தண்டா. அண்ணன் தன் பங்குக்குக் கறிதோசையைச் சேர்த்திருந்தான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க ஊரைப் பார்க்க வந்தீங்களா, என்னைப் பார்க்க வந்தீங்களாப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. சொந்த வீட்டில் வந்து தங்குகிறவர்களை ஓட்டலில் தங்குகிறவர்கள்போல நடத்தினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

என் ஏற்பாடு எளிது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடுவில் வீடு. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஊரே அப்படித்தான் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அம்மனே ஓய்வெடுக்கும் நேரத்தில் பிள்ளைகளை வெயிலில் இழுத்துக்கொண்டு அலைவானேன்?

காலைக்குக் கீழக்குயில்குடி. விடிந்தும் விடியாமலும் கிளம்பினால் தாமரைக்குளத்து ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, அடிவாரத்துக் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டுச் சமணர் மலை ஏறிவிடலாம். பேச்சிப்பள்ளத்தில் பாறை விளிம்பில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். கீழே வட்டெழுத்து, ஏறக்குறைய ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் வெட்டியது. எந்தச் சிலையை யார் செய்வித்தார் என்ற விவரம் அதில் இருக்கிறது என்றதும், "கல்யாணத்துக்குக் கொடுக்கிற மின்விசிறியில பேர் எழுதுற மாதிரியா அத்தை?" என்று கேட்டாள் அண்ணன் மகள். கிட்டத்தட்ட அதேதான் என்றேன். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு; குகைக்குள் பெரிய மகாவீரர். எட்டரை மணிக்குமேல் பாறை சுட ஆரம்பிக்கும். இறங்கிவிட வேண்டும்.

இப்போது மத்தியானம். விருந்தோம்பலைப் பற்றிப் பேசும்போது யாரும் அடுப்பங்கரையைப் பேசுவதில்லை. விடுமுறை என்று எல்லோரும் சொல்கிறோம், யாருடைய விடுமுறை? காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, நாலு மணிக் காபி, ராத்திரிக்குத் தோசை என்று போட்டால் வீட்டுப் பெண்களுக்கு அது பரீட்சை வாரம். அதனால் எங்கள் வீட்டில் மதியம் ஒரு வேளைதான் சமையல். குழம்பு, ஒரு பொரியல், அப்பளம். அதையும் அண்ணன்தான் நறுக்கிக் கொடுத்தான். ராத்திரி அடுப்பு பற்றவைக்கப்படாது. தூங்கா நகரம் என்று பேரெடுத்த ஊரில் இருந்துகொண்டு ராத்திரி மாவு கரண்டியோடு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். ஆவி பறக்கும் இட்லியும் நாலைந்து சட்னியும் தெருமுனைக் கையேந்தி பவனில் நள்ளிரவு தாண்டியும் கிடைக்கும்போது, வீட்டில் எதற்கு?

வாங்கித் தின்பதிலும் ஒரு வரிசை உண்டு. ஜிகர்தண்டா வெயிலுக்கு: பால், கடல்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம். மழை விட்ட சாயங்காலத்துக்குப் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. ஜிகர்தண்டாவுக்குக் கிடைத்த பேரில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கறிதோசைதான் சிக்கல். அம்மா புரட்டாசி முழுக்கச் சைவம். வீட்டுக்குள் முட்டைகூட வராது. அண்ணன் வெளியே போய்த் தின்றுவிட்டு வரலாமே என்றால், "வாசத்தோட வீட்டுக்குள்ள வருவான்ல" என்கிறாள். மதினி நடுநிலை. பிள்ளைகள் அப்பா பக்கம்.

சாயங்காலங்களில் ஒன்றை விளாச்சேரிக்குக் கொடுத்துவிடுங்கள். நவராத்திரிக்கு முந்திய வாரமாக இருந்தால் இன்னும் நல்லது. திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கும் குயவர் ஊர். அங்கே வீடுதான் பட்டறை. களிமண்ணிலும் காகிதக் கூழிலும் அச்சில் எடுத்த பொம்மைகள் திண்ணையில் காய்ந்துகொண்டிருக்கும். வானம் கறுத்தால் தெருவே எழுந்து ஓடிவந்து அவற்றை உள்ளே எடுத்துவைக்கும். வண்ணம் பூசாத மீனாட்சிக் கல்யாணச் செட்டைப் பார்த்தால், மூன்று பேருக்கும் ஒரே மண்நிறம். யார் பெருமாள், யார் சொக்கர் என்று கையிலிருப்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கண் திறப்பதுதான் கடைசி வேலை. அண்ணன் மகன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வாங்குகிறவர்கள் பேரம் பேசாமல் வாங்குங்கள். மழைக்கால ஈரத்தில் ஒரு பொம்மை காய எத்தனை நாளாகிறது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

நவராத்திரி தொடங்கிவிட்டால் கோயிலிலும் கொலு. கொலு மண்டபத்தில் அம்மனுக்கு நாளொரு அலங்காரம்: ராஜராஜேசுவரி, மகிஷாசுரமர்த்தினி, முடிவில் சிவபூஜை. செல்போனை உள்ளே விடமாட்டார்கள். 2018 தீ விபத்துக்குப் பிறகு வந்த தடை அது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால், வெளியே கொடுத்துவைக்கும் வரிசை மிச்சம்.

கோயிலைச் சுற்றி நடக்கும்போது வீதிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மதிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை, பிறகு ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. "அப்ப சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில போகுது?" என்று அண்ணன் மகன் மடக்கினான். மாசியில் நடந்துவந்த கல்யாணத் திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். வீதிக்குப் பழைய பேரே நின்றுவிட்டது.

அந்த மேல மாசி வீதியிலேயே ஒரு கதர்க்கடை இருக்கிறது. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, இதே பருவத்தில், அந்தக் கடை இருக்கும் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி அரையாடைக்கு மாறினார். வைகையைத் தாண்டி வடகரைக்குப் போனால் ராணி மங்கம்மாள் இருந்த தமுக்கம் அரண்மனையில் காந்தி அருங்காட்சியகம். 1959இல் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணியின் ரத்தக்கறை படிந்த பகுதி அங்கே இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில், அந்த வரிசையில் பாருங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அண்ணன் மகள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். சிலவற்றுக்கு அம்மாதான் பதில் சொன்னாள்.

மகாலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தூண்கள் பெரியவை, புறாக்களும் அதிகம். இன்று நிற்பது நாயக்கர் கட்டியதில் ஒரு பகுதிதான் என்பதைச் சொல்லிவிட்டு அரைமணியில் வெளியே வரலாம். கீழடிக்கு அப்படி முடியாது. செட்டிநாட்டு வீடுபோல் கட்டி 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில், பானை ஓட்டில் கீறிய பெயர்களையும் தாயக்கட்டைகளையும் பார்க்க முழுக் காலைப்பொழுது வேண்டும். தாயக்கட்டையைப் பார்த்துவிட்டு வந்த அன்று மத்தியானம் அம்மா தன்னுடையதைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். ஆட்டம் காபி நேரம் தாண்டியும் போனதால் அன்றைய தெப்பக்குளம் ரத்து. யாரும் வருத்தப்படவில்லை.

பட்டியலில் அழகர்கோயிலும் நூலகமும் மிச்சம். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஊர் திரும்புகிறவர்கள் டிக்கெட்டை வந்த அன்றே எடுத்துவைத்துவிடுங்கள். மாட்டுத்தாவணியில் அன்றைக்கு நிற்க இடமிருக்காது. மல்லிகையும் பண்டிகைக்கு முதல் நாள் விலை ஏறிவிடும் என்பதால் மதினிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வாங்கிக் கொடுத்தேன்.

கிளம்பும் அன்று காலை அண்ணன் நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டே, "பாப்பா, ஐப்பசி ஒண்ணாந்தேதி என்ன கிழமைல வருது?" என்றான்.

"அன்னைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்" என்றார் மதினி, பையின் ஜிப்பை இழுத்தபடியே.

"நான் மட்டும் வாரேன்" என்றான் அண்ணன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, புரட்டாசிதான் முடிந்திருக்குமே.

(தொடரும்)